கடைக்குக் கம்ப்யூட்டர்: நான்கு கோரா, ஆறு கோரா?

சென்ற மாதம் சங்கக் கூட்டம் முடிந்து படி இறங்கும்போது, பலசரக்குச் சில்லறை வியாபாரம் செய்யும் நண்பர் ஒருவர் என்னை ஓரமாக அழைத்து, சட்டைப் பையிலிருந்து இரண்டு கொட்டேஷன்களை எடுத்து நீட்டினார்.

"அண்ணாச்சி, ரெண்டும் பக்கத்துப் பக்கத்து விலைதான். ஒண்ணுல நாலு கோர்னு போட்டிருக்கான். இன்னொண்ணுல ஆறு கோர். ஆறுதானே பெரிசு? ஆனா நாலு கோர்காரன் தன்னுதுதான் பில் போட வேகம்னு சத்தியம் பண்றான். யாரை நம்புறது?"

அவர் அவசரத்துக்குக் காரணம் உண்டு. போன தீபாவளிக்கு முந்திய சனிக்கிழமை மாலை, கடை நிரம்பக் கூட்டம். பில் போடும் மூன்று கம்ப்யூட்டர்களும் ஒரு பில்லுக்கும் அடுத்த பில்லுக்கும் இடையில் நின்று நின்று போயின. வரிசையில் நின்றவர்களில் சிலர் கூடையை அப்படியே தரையில் வைத்துவிட்டு எதிர்க்கடைக்குப் போனார்கள். சரக்கு இல்லாமல் வியாபாரம் போனால் மனம் ஆறிவிடும். சரக்கு இருந்து, ஆளும் வந்து நின்று, பில் போட முடியாமல் வியாபாரம் போனால் எத்தனை நாளைக்கு மனம் எரியும் என்பது நம் உறுப்பினர்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

எனக்குக் கம்ப்யூட்டர் படிப்பு கிடையாது. ஆனாலும் துவரம்பருப்பும் வத்தலும் பார்த்து வாங்குகிறவனுக்கு, மூட்டைமேல் அச்சடித்த பெயரை நம்பாமல் குத்தூசி போட்டுப் பார்க்கும் பழக்கம் உண்டு. அதே பழக்கத்தோடு இந்த இரண்டு கொட்டேஷன்களையும் குத்திப் பார்த்தேன். தெரிந்துகொண்டதை, இந்த ஆண்டு கம்ப்யூட்டர் மாற்ற நினைக்கும் மற்ற அன்பர்களுக்கும் பயன்படட்டும் என்று எழுதுகிறேன்.

இரண்டும் என்ன சரக்கு?

கொட்டேஷனில் ரேம், மானிட்டர், கீபோர்டு எல்லாம் ஒன்றுபோலவே இருந்தன. வித்தியாசம் பிராசஸரிலும், அது உட்காரும் மதர்போர்டிலும்தான். ஒன்று இன்டெல் கம்பெனியின் கோர் ஐ3-12100. 2022 ஜனவரியில் வெளிவந்தது. மற்றது ஏ.எம்.டி. கம்பெனியின் ரைசன் 5 5600ஜி. 2021 ஆகஸ்டில் கடைக்கு வந்தது. அமெரிக்காவில் அறிவித்த தொடக்க விலை இன்டெல்லுக்கு 122 டாலர், ஏ.எம்.டி.க்கு 259 டாலர். அதாவது ஏ.எம்.டி. இரண்டு பங்குக்கு மேல். பிறகு ஏ.எம்.டி. விலை வெகுவாக இறங்கி இன்டெல்லின் பக்கத்தில் வந்துவிட்டது. நண்பரின் இரண்டு கொட்டேஷன்களுக்கும் இடையே இருந்த வித்தியாசம் ஒரு டின் எண்ணெய் விலைகூட வராது. குழப்பத்துக்குக் காரணமும் இதுதான். நேற்று இரண்டு பங்கு விலை விற்ற சரக்கு இன்று அதே விலைக்குக் கிடைக்கிறது என்றால் யாருக்கும் கை அந்தப் பக்கம்தானே போகும்.

கோர் என்றால் என்ன என்பதை நம் கடை வழக்கில் சொல்லிவிடுகிறேன். பிராசஸரை எடை போடும் மேடை என்று வைத்துக்கொண்டால், கோர் என்பது அங்கே நிற்கும் ஆள். ஐ3-ல் நான்கு ஆட்கள், ரைசனில் ஆறு ஆட்கள். ஒவ்வொரு ஆளும், ஒரு பொட்டலம் கட்டி முடியும்வரை சும்மா நிற்காமல் இடையில் இன்னொரு சிட்டையையும் கவனித்துக்கொள்வான். இதைத் திரெட் என்கிறார்கள். அந்தக் கணக்கில் ஐ3-க்கு 8 திரெட், ரைசனுக்கு 12. ஆனால் ஒரே ஆள் இரண்டு சிட்டை பார்ப்பதால் இரண்டு ஆள் வேலை வந்துவிடாது. திரெட் எண்ணிக்கையைக் கோர் எண்ணிக்கைபோலப் பேசி விற்கிறவர்களிடம் கொஞ்சம் நிதானமாக இருக்க வேண்டும்.

அடுத்தது கிகாஹெர்ட்ஸ். ஐ3 சாதாரணமாக 3.3, வேலை வந்தால் 4.3 வரை ஏறும். ரைசன் 3.9-ல் தொடங்கி 4.4 வரை ஏறும். 4.4 என்றால் விநாடிக்கு 440 கோடித் துடிப்பு. இந்த எண்ணை மட்டும் பார்த்தால் ரைசன்தான் வேகம் என்று தோன்றும். இங்கேதான் குத்தூசி வேண்டியிருக்கிறது. கிகாஹெர்ட்ஸ் என்பது ஆளின் கை எத்தனை தடவை மூட்டைக்குள் போய் வருகிறது என்ற கணக்கு மட்டுமே. ஒரு தடவைக்கு ஒரு படி அள்ளுகிறானா, ஒன்றேகால் படி அள்ளுகிறானா என்பது அதில் தெரியாது. ஐ3-12100-ல் இருக்கும் கோர் பின்னால் வந்த அமைப்பு. ஒரு தடவைக்குக் கூடுதலாக அள்ளும். அதனால் கை சற்றுக் குறைவாக வீசினாலும், தனி ஆளாகப் பார்த்தால் ஐ3-ன் ஆள் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு முந்துகிறான்.

எல்லா ஆட்களும் சேர்ந்து ஒரே வேலையில் இறங்கினால் கதை மாறும். ஆறு பேருக்கு நான்கு பேர் என்றால் ஒன்றரை மடங்கு வேலை வர வேண்டும். ஆள் ஒவ்வொருவனும் பத்தில் ஒரு பங்கு மெதுவானவன் என்று கழித்தால் 1.35 வருகிறது. சோதனைக் கருவிகளில் கிடைக்கும் முடிவும் ஏறத்தாழ இந்தக் கணக்கிலேயே நிற்கிறது. முழுப் பாரம் ஏற்றினால் ரைசன் மூன்றில் ஒரு பங்கு அளவுக்கு முன்னால் நிற்கும். வீடியோ வெட்டி ஒட்டுகிறவருக்கு, பெரிய படங்களை அச்சுக்குத் தயார் செய்கிறவருக்கு இது நல்ல லாபம்.

பில் போடுவது ஆறு ஆள் வேலையா?

கவுண்டரில் பில் போடும்போது கம்ப்யூட்டர் என்ன செய்கிறது? பார்கோடு படிக்கிறது, பட்டியலில் அந்தப் பொருளைத் தேடி விலையும் வரி விகிதமும் எடுக்கிறது, கூட்டுகிறது, இருப்பில் கழிக்கிறது, பிரிண்டருக்கு அனுப்புகிறது. ஒன்று முடிந்துதான் அடுத்தது. இதை ஆறு பேருக்குப் பிரித்துக் கொடுக்க முடியாது. ஒரே பொட்டலத்தை ஆறு பேர் சேர்ந்து கட்ட முடியாதல்லவா? அதனால் இந்த வேலையில் தனி ஆளின் கைவேகம்தான் பேசும். நாலு கோர்காரர் செய்த சத்தியம் பொய்ச் சத்தியம் அல்ல என்பதை இங்கே ஒப்புக்கொள்ள வேண்டும்.

ஆனால் பத்தில் ஒரு பங்கு என்பது கண்ணுக்குத் தெரியுமா? இதை அறிய நாங்கள் ஒரு காரியம் செய்தோம். நண்பரின் ஒரு வருடக் கணக்கைப் பென் டிரைவில் எடுத்துக்கொண்டு, கொட்டேஷன் கொடுத்த கடைக்கே போனோம். "தம்பி, உங்கள் விளம்பரத் தாள் வேண்டாம், எங்கள் கணக்கை ஓட்டிக் காட்டுங்கள்" என்றோம். கடைக்காரப் பையன் நல்ல பிள்ளை, முகம் சுளிக்கவில்லை. இரண்டு பிராசஸரிலும் தயாராக இருந்த கம்ப்யூட்டர்களில் அதே கணக்கு மென்பொருளைப் போட்டு, வரிசையாகச் சில வேலைகளைக் கொடுத்தான். கணக்கைத் திறப்பது, ஒரு மாதப் பேரேடு எடுப்பது, வருட இருப்புப் பட்டியல், ஜி.எஸ்.டி.ஆர்.-1-க்கு வேண்டிய விவரத்தை எக்ஸெல்லுக்கு மாற்றுவது.

பில் போடுவதில் எங்கள் இருவருக்கும் வித்தியாசம் தெரியவில்லை. வருட இருப்புப் பட்டியலில் ஐ3 ஒரு மயிரிழை முந்தியதுபோல் இருந்தது. மறுபடி ஓட்டிப் பார்த்தால் ரைசன் முந்தியது. இப்படி வந்தால் இரண்டும் ஒரே தரம் என்றுதான் கொள்ள வேண்டும். மாதிரிக்கு எடுத்த இரண்டு கைப்பிடிப் பருப்பில் பேதம் தெரியாவிட்டால் மூட்டையிலும் பேதமில்லை.

பிறகு நடந்ததுதான் எங்களுக்குப் பாடம். மூலையில் இன்னொரு கம்ப்யூட்டர் இருந்தது. அதுவும் ஐ3-12100தான். விலை குறைத்துச் சொல்வதற்காகப் பழைய மாதிரி ஹார்டு டிஸ்க் போட்டு வைத்திருந்தார்கள். அதில் அதே கணக்கைத் திறக்கச் சொன்னோம். நண்பர் வெளியே போய் டீ சொல்லிவிட்டு வந்தார். அப்போதும் விண்டோஸ் திரையில் வட்டம் சுற்றிக்கொண்டிருந்தது. பிராசஸர் ஒன்றே, ரேம் ஒன்றே. நாலா ஆறா என்று நாங்கள் அதுவரை மண்டையை உடைத்துக்கொண்ட வித்தியாசத்தைவிட இது பல மடங்கு பெரிய வித்தியாசம்.

காரணம் எளிது. ஹார்டு டிஸ்க் என்பது சுழலும் தட்டு. நிமிடத்துக்கு 7,200 சுற்று, அதாவது விநாடிக்கு 120 சுற்று. வேண்டிய இடம் ஊசிக்கு அடியில் வரும்வரை காத்திருக்க வேண்டும். இங்கும் அங்குமாகச் சிதறிக் கிடக்கும் சிறு சிறு விவரங்களை எடுப்பதென்றால் விநாடிக்கு நூறு தடவை எடுப்பதே அதிகம். எஸ்.எஸ்.டி.யில் சுழலும் தட்டே இல்லை. ஆயிரக்கணக்கில் எடுக்கும். கடைக் கணக்கு முழுக்க முழுக்கச் சிதறிய சிறு விவரங்கள்தான். விலை ஓரிடம், இருப்பு ஓரிடம், வாடிக்கையாளர் பாக்கி ஓரிடம். எத்தனை கெட்டிக்கார ஆட்கள் எடை மேடையில் நின்றாலும், குடோனிலிருந்து மூட்டை வந்து சேராவிட்டால் கையைக் கட்டிக்கொண்டுதான் நிற்பார்கள்.

கையெட்டும் தூரத்துச் சரக்கு

குடோன் என்று சொன்னதும் இன்னொன்றும் சொல்ல வேண்டும். கம்ப்யூட்டருக்குள் சரக்கு வைக்கும் இடம் மூன்று வகை. டிஸ்க் என்பது ஊருக்கு வெளியே இருக்கும் குடோன். ரேம் என்பது கடைக்குப் பின்கட்டு. கேஷ் என்பது எடை போடுகிறவனின் கையெட்டும் தூரத்தில் இருக்கும் டப்பாக்கள். பெரிய டப்பா வரிசை இருந்தால் பின்கட்டுக்கு ஓட வேண்டிய தடவை குறையும். எல்லா ஆட்களும் பகிர்ந்துகொள்ளும் கேஷ் ஐ3-ல் 12 எம்.பி., ரைசனில் 16 எம்.பி. ஆனால் ஒவ்வொரு ஆளுக்கும் தனியாக இருக்கும் டப்பா ஐ3-ல் 1.25 எம்.பி., ரைசனில் அரை எம்.பி.தான். கொட்டேஷன்காரர்கள் முதல் கணக்கை மட்டுமே சொல்வார்கள். இரண்டாவதையும் கேட்டால்தான் ஐ3-ன் தனி ஆள் வேகத்துக்கு ஒரு காரணம் புரியும்.

இந்தக் கேஷ் விஷயத்தில் பழைய கதை ஒன்று உண்டு. 1998 ஏப்ரலில் இன்டெல், குறைந்த விலைக்கென்று செலரான் 266 என்ற பிராசஸரை விட்டது. பெண்டியம் 2-ல் இருந்த 512 கே.பி. இரண்டாம் நிலைக் கேஷை அடியோடு எடுத்துவிட்டு விலையைக் குறைத்திருந்தார்கள். மெகாஹெர்ட்ஸ் எண் என்னவோ கம்பீரமாக இருந்தது. ஓட்டிப் பார்த்தவர்கள் முணுமுணுத்தார்கள். அந்த மே மாதமே ஏ.எம்.டி.யின் கே6-2 சந்தைக்கு வந்தது. பழைய வகை மதர்போர்டிலேயே உட்காரும் என்பதாலும் விலை சரசம் என்பதாலும் அலுவலக வேலைக்கு அதை வாங்கினவர்கள் பலர். இன்டெல் சும்மா இருக்கவில்லை. ஆகஸ்டிலேயே செலரான் 300ஏ வந்தது. இம்முறை 128 கே.பி. கேஷ்தான், ஆனால் பிராசஸருக்குள்ளேயே, அதன் முழு வேகத்தில் ஓடும்படி வைத்திருந்தார்கள். அந்தச் சின்ன டப்பா வந்ததும் அதே செலரான் பெயர் நல்ல பெயராகிவிட்டது. 266-க்கும் 300-க்கும் எண்ணில் பெரிய பேதம் இல்லை. பேதம் முழுவதும் எண்ணில் எழுதாத இடத்தில் இருந்தது. இருபத்தைந்து வருடத்துக்கு மேல் ஆகியும் இந்த வியாபாரத்தின் போக்கு பெரிதாக மாறவில்லை என்றே எனக்குத் தோன்றுகிறது.

ரேம் பற்றி ஒரு வார்த்தை. 16 ஜி.பி. வேண்டும் என்றால் ஒரே குச்சியாக வாங்காமல் 8 ஜி.பி. குச்சி இரண்டாகப் போடச் சொல்லுங்கள். பின்கட்டுக்கு இரண்டு வாசல் கிடைத்த மாதிரி. இரண்டு பிராசஸருக்கும் இது நல்லது. ரைசனுக்குக் கூடுதல் நல்லது, ஏனென்றால் அதன் படம் காட்டும் பகுதி இன்டெல்லைவிடப் பலமானது, ரேமை அதிகம் இழுக்கும். 2025 கடைசியில் ரேம் விலை கடுமையாக ஏறிவிட்டது. அதனால் சிலர் ஒற்றைக் குச்சியோடு, குறைந்த அளவில் கொட்டேஷன் போட்டு விலையை அடக்கிக் காட்டுகிறார்கள். இரண்டு கொட்டேஷன்களை ஒப்பிடும்போது இந்த வரியையும் பார்க்க வேண்டும்.

பெயருக்குப் பின்னால் ஓர் எழுத்து

ரைசன் 5600ஜி என்பதில் உள்ள ஜி என்ற எழுத்து, படம் காட்டும் பகுதி உள்ளேயே இருக்கிறது என்று பொருள். ஜி இல்லாத 5600 என்றும் ஒன்று விற்கிறது. வேகம் உண்டு, ஆனால் தனியாகக் கிராபிக்ஸ் கார்டு வாங்கிச் சொருகினால்தான் மானிட்டரில் படம் வரும். இன்டெல்லில் எழுத்து எதிர்ப்பக்கமாக வேலை செய்யும். ஐ3-12100 என்றால் படம் வரும். ஐ3-12100எஃப் என்றால் வராது. எஃப் போட்டது விலை குறைவு. அதைப் பார்த்துவிட்டு "அதே 12100தானே, இங்கே மலிவாக இருக்கிறதே" என்று வாங்கினால் பிறகு கார்டுக்குத் தனியாக அழ வேண்டும். கொட்டேஷனில் எழுத்துக்கு எழுத்து சரிபாருங்கள். நம் ரசீதில் ஒரு சைபர் விட்டுப் போனால் எத்தனை வம்பு, அதே கதைதான்.

13100, 14100 என்றும் சொல்வார்கள். முறையே 2023, 2024 ஜனவரியில் வந்தவை. அதே நான்கு ஆட்கள், அதே 12 எம்.பி. கேஷ். உச்ச வேகம் மட்டும் 4.5, 4.7 என்று கூடியிருக்கிறது. அதே விலைக்குக் கிடைத்தால் வாங்குங்கள். கூடுதல் பணம் கொடுத்து வாங்கும் அளவுக்கு அதில் புதிது இல்லை.

எழுத்தைவிட மோசமான ஏமாற்று ஒன்று இருக்கிறது. அதில் நானே ஒரு தடவை விழுந்திருக்கிறேன். "ஐ5 கம்ப்யூட்டர், புதுசு மாதிரி, பாதி விலை" என்று ஒருவர் கொண்டுவந்து வைத்தார். ஐ3-ஐவிட ஐ5 பெரிது என்ற கணக்கில் நானும் வாங்கினேன். பில்லும் ஒழுங்காகத் தரவில்லை, நானும் கேட்கவில்லை. பிறகு பையன் திறந்து பார்த்து ஐ5-3470 என்றான். 2012-ல் வந்த மூன்றாம் தலைமுறைச் சரக்கு. கோடுக்குப் பின்னால் வரும் எண்ணில் முதலில் இருப்பதுதான் தலைமுறை. 3470 என்றால் மூன்று, 12100 என்றால் பன்னிரண்டு. இன்றைய ஐ3-12100 அந்தப் பழைய ஐ5-ஐவிட இரண்டு மடங்குக்கு மேல் வேலை செய்யும். போதாக்குறைக்கு, விண்டோஸ் 10-க்கான பொது ஆதரவை 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு மைக்ரோசாஃப்ட் நிறுத்திவிட்டது. விண்டோஸ் 11-க்கு இன்டெல்லில் எட்டாம் தலைமுறையாவது இருக்க வேண்டும் என்பது அவர்கள் விதி. என் ஐ5 அந்த வாசலுக்கே போக முடியாது. முறையான வரி ரசீது இல்லாததால் 18 சதவிகித ஜி.எஸ்.டி.யை உள்ளீட்டு வரவாக எடுக்கவும் வழியில்லை. பாதி விலை என்று வாங்கியது கடைசியில் என்ன விலை ஆயிற்று என்பதை நான் இங்கே எழுதப் போவதில்லை. நம் கொட்டேஷன்களில் உள்ள இரண்டு பிராசஸர்களும் விண்டோஸ் 11-க்கு உகந்தவை. அந்தக் கவலை இல்லை.

மின்சாரம், தூசி, கேபிள்

மின்சாரச் செலவில் பேதம் பார்க்க ஒன்றுமில்லை. இன்டெல் 60 வாட், ஏ.எம்.டி. 65 வாட் என்று அட்டையில் இருக்கும். உச்சத்தில் ஒன்று 89 வாட், மற்றது 88 வாட் வரை இழுக்கும். பில் போடும் வேலையில் இரண்டும் அந்த அளவுக்குப் போவதே இல்லை. ஒரே யு.பி.எஸ். இரண்டுக்கும் போதும்.

தூசிதான் நம் கடைகளின் விரோதி. மென்பொருள் அலுவலகத்துக் கம்ப்யூட்டரும் பலசரக்குக் கடைக் கம்ப்யூட்டரும் ஒன்றல்ல. மிளகாய்த் தூள், மாவு, சணல் சாக்கின் நார் எல்லாம் காற்றில் பறந்து பிராசஸர் மேலுள்ள விசிறியில் போய் அடையும். அடைத்துக்கொண்டால் சூடு ஏறும். சூடு ஏறினால் பிராசஸர் தன்னைக் காப்பாற்றிக்கொள்ளத் தானாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். எச்சரிக்கை எதுவும் திரையில் வராது. நாமோ "வாங்கின புதுசுல நல்லா ஓடுச்சு" என்று சொல்லிக்கொண்டு இருப்போம். நண்பரின் பழைய பெட்டிகளில் ஒன்றைத் திறந்தபோது விசிறி இருக்கும் இடமே தெரியவில்லை, செம்மண் பூசியதுபோல் மிளகாய் வத்தல் தூசி. அவர் கடையில் கவுண்டருக்கு அடியில் தரையில் வைத்திருந்தார். பெருக்கும்போதெல்லாம் நேராக உள்ளே போயிருக்கிறது. பெட்டியைத் தரையிலிருந்து முழங்கால் உயரத்துக்காவது தூக்கி வைப்பதும், மாதம் ஒரு தடவை அணைத்துவிட்டுக் காற்றடித்துச் சுத்தம் செய்வதும் செலவில்லாத வைத்தியம். சுத்தம் செய்த பிறகு அந்தப் பழைய பெட்டியே கொஞ்சம் மூச்சு விட்டது என்பதையும் சொல்ல வேண்டும்.

இரண்டாவதாக, அவர் கடையில் மூன்று கவுண்டர்களும் பின்னறையில் உள்ள ஒரு கம்ப்யூட்டரிலிருந்துதான் கணக்கை எடுக்கின்றன. நடுவில் இணைக்கும் சுவிட்சைப் பார்த்தேன். விநாடிக்கு 100 மெகாபிட் போகும் பழைய சுவிட்ச். விநாடிக்கு 1,000 மெகாபிட் போகும் கிகாபிட் சுவிட்ச் இப்போது சில்லறைக் காசுக்குக் கிடைக்கிறது. குறுகிய சந்தில் மூன்று வண்டி எதிரும் புதிருமாக நின்றால் எந்த வண்டியில் எத்தனை குதிரைச் சக்தி என்று பேசி என்ன பயன்? கேபிளையும் சுவிட்சையும் மாற்றாமல் பிராசஸரை மட்டும் மாற்றியிருந்தால் அடுத்த தீபாவளிக்கும் அதே கதைதான் நடந்திருக்கும். இ-இன்வாய்ஸ் போடும் மொத்த வியாபாரிகளுக்கும் ஒரு விஷயம். அரசுத் தளத்திலிருந்து எண் வரத் தாமதமாவது இன்டர்நெட்டாலும், அந்தப் பக்கத்து நெரிசலாலும். அதற்காக யாரும் பெரிய பிராசஸர் வாங்க வேண்டாம்.

பின்னறை வேலை வேறு

இவ்வளவும் சொன்னதால் ரைசனை நான் ஒதுக்குகிறேன் என்று நினைக்கக் கூடாது. பின்னறையில் கணக்குப்பிள்ளை உட்காரும் கம்ப்யூட்டரின் நாளைப் பாருங்கள். மூன்று கவுண்டருக்கும் கணக்கு கொடுத்துக்கொண்டே இருக்கும். மாதம் 11-ஆம் தேதிக்குள் ஜி.எஸ்.டி.ஆர்.-1, 20-ஆம் தேதிக்குள் 3பி. அந்த நாட்களில் எக்ஸெல் தாள் நாலைந்து, பிரவுசரில் வங்கி, வரித் தளம், வாட்ஸ்அப், பின்னால் வைரஸ் சோதனை, பேக்கப் என்று ஒரே நேரத்தில் பத்து வேலை. இது ஒரு பொட்டலம் கட்டும் வேலை அல்ல, லாரி இறக்கும் வேலை. இங்கே ஆறு ஆள் இருப்பது நியாயம். கண்காணிப்புக் கேமராப் படத்தையும் அதிலேயே பார்க்கிறவர்களுக்கு ரைசனின் பலமான படப் பகுதியும் கைகொடுக்கும்.

பிற்காலத்தில் பிராசஸரை மட்டும் மாற்றி ஏற்றம் செய்யலாமா என்று சிலர் கேட்பார்கள். ரைசன் உட்காரும் ஏ.எம்.4 இருக்கை 2017 முதல் ரைசன்களுக்குப் பயன்பட்டு, நீண்ட நாள் நின்ற இருக்கை. இன்டெல்லின் எல்.ஜி.ஏ.1700 இருக்கை 12, 13, 14 ஆகிய மூன்று தலைமுறைகளுக்குப் பொது. இரண்டு கம்பெனிகளும் இப்போது வேறு இருக்கைக்குப் போய்விட்டன. அந்தந்த இருக்கையில் இதைவிடப் பெரிய பிராசஸர் வாங்கிப் போட இரண்டிலும் இடம் உண்டு. நம் கடைகளில் ஒரு கம்ப்யூட்டர் வாங்கினால் அது ஓடி ஓய்கிறவரை யாரும் திறப்பதில்லை என்பதால் இதற்காக நான் மார்க் போடவில்லை. பெட்டியில் அடைத்து வரும் பிராசஸராகக் கேளுங்கள், விசிறியும் உடன் வரும், உத்தரவாதம் மூன்று வருடம். பெட்டியில்லாமல் உதிரியாகத் தருவதற்கு அந்த உத்தரவாதம் இருக்குமா என்று எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

நண்பர் கடைசியில் கவுண்டருக்கு ஐ3-12100 மூன்று, பின்னறைக்கு ரைசன் 5600ஜி ஒன்று என்று ஆர்டர் கொடுத்தார். நான்கிலும் எஸ்.எஸ்.டி., பின்னறையில் மட்டும் அது இரண்டு மடங்கு கொள்ளளவு. நாலுமே ரைசன் என்று அவர் முதலில் நினைத்திருந்த கணக்கில் மிச்சமான பணத்தில் கிகாபிட் சுவிட்சும், புதுக் கேபிளும் வந்துவிட்டன. யு.பி.எஸ். பேட்டரி மட்டும் பழையதே இருக்கட்டும் என்றார். அதை மாற்றாமல் விடமாட்டேன் என்று நான் பிடிவாதமாக நின்றேன், ஏனென்றால் பில் பாதியில் மின்சாரம் போய்க் கணக்கு கெட்டால் எந்தக் கோரும் வந்து காப்பாற்றாது. முணுமுணுத்துக்கொண்டே அதற்கும் பணம் எடுத்தார்.

பழைய மூன்று பெட்டிகளையும் எடைக்குப் போடலாம் என்று சொன்னவரிடம், உள்ளே இருக்கும் ஹார்டு டிஸ்க்குகளைக் கழற்றிப் பூட்டி வைத்துவிட்டுப் போடுங்கள் என்று சொல்லியிருக்கிறேன். ஏழெட்டு வருடப் பேரேடும், வாடிக்கையாளர் பாக்கிக் கணக்கும், கொள்முதல் விலையும் அதில்தான் இருக்கின்றன.